காப்புக் கட்டிக்கொண்ட நோட்டீஸ்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களிலும் குடியிருக்கும் தாய்மார்கள், தகப்பன்மார்கள், அவர்களுக்குப் பிறந்த மற்றும் பிறக்கவிருக்கும் குழந்தைகள் அனைவரின் மேலான கவனத்துக்கும் கொண்டுவரப்படுவது என்னவென்றால், இனி இந்த வட்டாரத்தில் எந்தக் குழந்தையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அநியாயமாகப் போய்விட முடியாது. போனால் நீதி அதன் பின்னாலேயே ஓடும். அப்படி ஓடுவதற்கென்றே 'குழந்தைப் பராமரிப்பு அவசர மனுக்கள் சிறப்பு அமர்வு' என்ற புதிய அமைப்பு, குளிர்சாதன வசதியோடும் குடிநீர் வசதியோடும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. வக்கீல் தேவையில்லை. தாயின் கண்ணீர் ஒன்றே போதும்.

கண்ணீர் பற்றிய அந்தக் கடைசி வரி பிளெக்ஸ் போர்டில் நிஜமாகவே இருந்தது. திறப்பு விழாவில் அமர்வுத் தலைவர் பேசிய பேச்சும் நிஜமாகவே நடந்தது. “நமது அமர்வில் அவசரத்துக்கு இடமுண்டு, அவசரப்படுவதற்கு இடமில்லை” என்று அவர் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. கைதட்டியவர்கள் எல்லாரும் அங்கே வேலை பார்ப்பவர்கள். ஊர்ச்சனங்கள் யாரும் வரவில்லை. அவர்களுக்கு அனுபவம் அதிகம்.

போர்டை நம்பி வந்த முதல் ஆள் சுகன்யா.

அவள் நூல் மில்லில் கோன் ஓட்டும் பிரிவில் வேலை பார்ப்பவள். கணவன் முகேஷ்குமார் நாக்பூரில் முறுக்கும் மிக்சரும் போட்டுக் கடைகளுக்கு ஏற்றுகிறவன். பிரிந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலு வயது மகள் தன்ஷிகா தாயோடு இருந்தாள். ஒரு மத்தியானம் பால்வாடி வாசலில் பைக்கை நிறுத்தி, “அப்பா ஐஸ் வாங்கித் தாரேன், வா தங்கம்” என்று பிள்ளையைத் தூக்கி முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனவன், சாயங்காலம் போன் போட்டான்.

“புள்ள எங்கூட ஊர்லதான் இருக்கா. ஆத்தாளுக்குச் சாட்டியிருக்கு. பொங்கல் முடிஞ்ச கையோட நாக்பூர் கூட்டிட்டுப் போயிருவேன். நீ இனிமே தேடாத.”

ஊர் என்றால் வடமதுரைக்குக் கிழக்கே உள்ள கொட்டாரப்பட்டி. ஆத்தா என்றால் மாரியம்மன். ஆக, திருவிழா முடிகிற வரைக்கும்தான் அவகாசம்.

போலீசில் போய்ச் சொன்னாள்.

“தூக்கிட்டுப் போனது யாரு?”

“அவ அப்பாதான் சார்.”

“பெறகென்ன?”

பக்கத்து வீட்டு ஜோஸ்பின் டீச்சர்தான் போர்டைப் பற்றிச் சொன்னாள். “வக்கீலு வேணாமாம்டி. அழுதாப் போதுமாம். உனக்கு அதாவது வருமில்ல?” என்று கேட்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தாள்.

அமர்வின் தலைமை எழுத்தர் செபஸ்தியான், மனுவை வாங்கிப் பார்க்காமல் அதற்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“வக்கீல் எங்கம்மா?”

“வக்கீல் வேணாம்னு வெளிய போட்டிருக்கு சார்.”

“வேணாம்னுதான போட்டிருக்கு? கூட்டிட்டு வராதேன்னா போட்டிருக்கு?” செபஸ்தியான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, வந்துட்ட. வக்காலத்து இல்லாம மனுவ நான் எப்புடி வாங்குறது? உனக்காக யாரு ஆஜராகுறா?”

“நாந்தான் சார்.”

“அப்ப நீ உனக்கே வக்காலத்து எழுதிக் குடு. ‘சுகன்யா ஆகிய நான், என் சார்பில் வாதாட மேற்படி சுகன்யாவை நியமிக்கிறேன்.’ கீழ அந்த சுகன்யாவும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்.”

“எந்த சுகன்யா சார்?”

“ரெண்டு பேருந்தான்.”

“இவளுக்கு அவ சம்மதிக்கலைன்னா என்ன சார் செய்யுறது?” என்று ஜோஸ்பின் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. “அதுக்குத் தனி மனு இருக்கு டீச்சர்” என்றார்.

சுகன்யா இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். செபஸ்தியான் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டார். ரெண்டு பேர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருப்பது சந்தேகத்துக்கு இடமளிக்கும் என்றார். ஆகவே கட்சிக்காரியான சுகன்யா தமிழிலும் வக்கீலான சுகன்யா இங்கிலீஷிலும் போட்டார்கள். இங்கிலீஷ் சுகன்யாவைப் பார்த்ததும் அவர் குரலில் கொஞ்சம் மரியாதை கூடியது.

“இப்பச் சொல்லுங்க. அவசரத்துல மூணு தரம் இருக்கு. அவசரம், மிக அவசரம், உடனடி. இது எது?”

“உடனடி சார். பொங்கல் முடிஞ்சா ரயிலேறிருவாங்க.”

“இன்னும் ஏறலைல்ல?”

“இல்ல சார்.”

“ஏறினாத்தான் உடனடி. இப்ப வெறும் அவசரம்.”

“ஏறிட்டா புள்ள போயிருமே சார்!”

“போனாத்தானம்மா உடனடி? போகாத புள்ளைக்கு உடனடி போட்டா மேல என்னையத்தான் கேப்பாங்க.”

கடைசியில் மனுஷத்தன்மையோடு ‘மிக அவசரம்’ என்று முத்திரை குத்தினார். ஆனால் ஒரு உறுதிமொழி வேண்டும் என்றார். விசாரணை முடிகிற வரைக்கும் இந்த அவசரம் குறையாமல் இருக்கும் என்று மனுதாரர் சத்தியம் செய்ய வேண்டும். பலர் அவசரம் என்று மனுப் போட்டுவிட்டு, பிறகு புருஷனோடு சமாதானமாகி பிரியாணிக் கடையில் உட்கார்ந்திருப்பதால் அமர்வின் கௌரவம் கெடுகிறதாம். அமர்வு திறந்த பிறகு வந்த முதல் மனு இதுதான். அந்தப் பலர் யார் என்று சுகன்யா கேட்கவில்லை. சத்தியம் செய்தாள்.

விசாரணை நாளில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. மண்டபத்தில் வக்கீல் நிற்கும் இடம் முன்வரிசை மேசை. கட்சிக்காரர் நிற்கும் இடம் பின்சுவர் ஓரம். டவாலி பேர் சொல்லிக் கூப்பிட்டதும் சுகன்யா முன்னால் போய் நின்றாள்.

“உங்கள் கட்சிக்காரர் வந்திருக்கிறாரா?” என்றார் அமர்வுத் தலைவர்.

“நாந்தாங்கய்யா. எம் புள்ளைய...”

“வக்கீல் இடத்தில் நின்றுகொண்டு கட்சிக்காரர் பேசக் கூடாது.”

சுகன்யா பின்சுவருக்கு ஓடினாள்.

“அங்கே நிற்கும் அம்மா, உங்களுக்காக யார் பேசப் போகிறார்கள்?”

முன்னால் ஓடிவந்தாள். மில்லில் கோனுக்குக் கோன் ஓடிப் பழகிய கால்கள் என்பதால் அன்றைய நடவடிக்கை பெரிய தாமதம் இல்லாமல் நடந்தது. தலைவரே அதைக் கவனித்து, “கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இவ்வளவு நல்ல புரிதலை நான் பார்த்ததில்லை” என்று பாராட்டினார்.

பிறகு உரையாற்றினார்.

“அம்மா, இந்த அமர்வை உங்கள் தாய்வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். தாய்வீட்டுக்கு வந்த பெண்ணை யாரும் உடனே அனுப்பிவிட மாட்டார்கள். நானும் ஒரு தகப்பன். என் பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். பிரிவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மாதக் கணக்கில் அவர்கள் போன் செய்வதில்லை. நான் மனுப் போட்டேனா? பொறுத்துக்கொண்டேன். இருந்தாலும் சட்டம் உங்கள் பக்கம் ஓடோடி வருகிறது. எதிர்மனுதாரருக்கு அமீனா மூலம் நேரில் கையில் நோட்டீஸ் கொடுக்க உத்தரவிடுகிறேன். அது கொடுக்கப்படும் வரை மனுதாரர் குழந்தையைப் பார்க்கவோ பேசவோ கூடாது. பார்த்துவிட்டால், பிரிவு தீர்ந்தது என்றும் அவசரம் நீங்கியது என்றும் இந்த அமர்வு கருத நேரிடும்.”

அமீனா ஆண்டிச்சாமி அன்று சாயங்காலமே கொட்டாரப்பட்டிக்குப் பஸ் ஏறினார். இதை அமர்வின் வரலாற்றில் ஒரு சாதனை என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் செபஸ்தியானுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

“சார், காப்புக் கட்டியாச்சு சார்.”

“ஊருக்குத் தெரிஞ்ச விஷயந்தானய்யா. நோட்டீஸ் குடுத்தியா?”

“எனக்குக் கட்டியாச்சு சார்.”

நடந்தது இதுதான். ஆண்டிச்சாமி போய் இறங்கிய நேரம், முகேஷ்குமார் வீட்டில் யாரும் இல்லை. ஊரே கோயிலில் நின்றது. முகேஷ்குமார் காப்புக் கட்டிக்கொள்ள வரிசையில் நின்றான். ஆண்டிச்சாமி கடமை தவறாதவர். அவனுக்கு நேர் பின்னால் போய் வரிசையில் நின்றார். வரிசை நகர்ந்தது. முகேஷ்குமாருக்குக் கட்டி முடித்த பூசாரி, அடுத்து நின்ற கையைப் பார்த்தார். நோட்டீசோடு நீட்டியிருந்த கை. அதிலிருந்த காகிதத்தை உருவி ஆண்டிச்சாமியின் சட்டைப்பையிலேயே செருகிவிட்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் திருநீறும் பூசிவிட்டார். குலவை கேட்டது. சாமி முன்னால் நிற்கும்போது வேண்டாம் என்று கையை இழுக்கத் தனக்கு மனசு வரவில்லை என்றார் ஆண்டிச்சாமி.

“காப்புக் கட்டுன ஆளு, காப்பு அவுக்குற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதாம் சார். தாண்டுனா மழ தண்ணி இருக்காதாம். ஊர்ப் பெரியாளுக சொல்றாக.”

“அது கெடக்கட்டும், நோட்டீஸக் குடுத்துத் தொலையேன்யா. அவன் அங்கதான இருக்கான்?”

“இங்கதான் இருக்காப்ல. ஆனா காப்புக் கட்டுன கையால கோர்ட்டுக் காயிதம் குடுக்கவும் கூடாதாம், வாங்கவும் கூடாதாம். எனக்கும் கட்டியிருக்கு, அவருக்கும் கட்டியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே பந்தியிலதான் உக்காந்து கூழு குடிக்கோம். என்ன செய்யச் சொல்றீக?”

அமர்வு அவசரமாகக் கூடியது. தலைவர் முகத்தில் கவலையை விட ஆர்வமே தெரிந்தது. இப்படி ஒரு சட்டப் பிரச்சினை அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

“நோட்டீஸ் ஊருக்குள் இருக்கிறது. எதிர்மனுதாரரும் ஊருக்குள் இருக்கிறார். இருவருக்கும் இடையே ஒரு மஞ்சள் கயிறு மட்டுமே உள்ளது. அந்தக் கயிற்றை அறுக்கும் அதிகாரம் எனக்கு உண்டா? உண்டு. ஆனால் அறுத்தால் என் பெயர் கெடும். அறுக்காவிட்டால் மனுதாரருக்கு மட்டும்தான் கெடுதல். பொதுநலனை உத்தேசித்து அறுக்காமல் விடுகிறேன்.”

“வேற யாரையாச்சும் அனுப்புங்கய்யா” என்றாள் சுகன்யா, ஓடி வந்த மூச்சு வாங்க.

“ஒரு நோட்டீஸ் வெளிய இருக்கும்போது இன்னொண்ணு போட முடியாதும்மா” என்று செபஸ்தியான் காதோடு சொன்னார்.

“தபால்ல அனுப்புங்க சார்.”

“தபால்காரரும் அந்த ஊருதான்.”

“அட, வாட்ஸாப்புல அனுப்புங்களேன்!” பின்வரிசையிலிருந்து ஜோஸ்பின் கத்தினாள்.

“அனுப்பலாம் டீச்சர். புதுசா வந்த விதி அதையும் ஒத்துக்குது. நீல டிக் விழுந்ததை நேர்ல பாத்துச் சான்று எழுதணும். எழுத வேண்டியது அமீனா. அதையும் அவரு அந்தக் கையாலதான எழுதணும்?”

வாய்தா போடப்பட்டது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் செபஸ்தியான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு ஆண்டிச்சாமியிடம் நிலவரம் கேட்பார். சுகன்யா மேசைக்கு எதிரே நிற்பாள். மில்லில் வேலை இருக்குமா இருக்காதா என்ற நிலையில் லீவுக்கு மேல் லீவு. ஆண்டிச்சாமியின் நிலவரத்தில் கூழ், மோர்மிளகாய், முளைப்பாரி வளர்ந்திருக்கும் உயரம், ராத்திரி ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் குறைபாடுகள் எல்லாம் வரும். ஒரு நாள் இதுவும் வந்தது:

“பாப்பா எம்மடியிலதான் சார் உக்காந்திருக்கு. எங்கூட ரொம்ப ஒட்டிக்கிருச்சு.”

அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல், “தாத்தா, வா ராட்டினம் போவோம்” என்றது.

“தன்ஷி!” என்று சுகன்யா மேசை மேல் பாய்ந்தாள்.

போன் செபஸ்தியானின் உள்ளங்கைக்குள் போய் அணைந்தது. ரசம்சாதக் கையோடு அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

“என்னம்மா இப்புடிப் பண்ணிட்ட? உத்தரவுல பேசக் கூடாதுன்னு இருக்கா இல்லையா? தலைவரு காதுல விழுந்திருந்தா மனு அதோட குளோஸ். நான் கேக்கலைன்னு வச்சுக்கிறேன். போ, போயி மூஞ்சியக் கழுவு.”

சுகன்யா அவருக்கு நன்றி சொன்னாள். அவர் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தார்.

வெளியே வந்ததும் ஜோஸ்பினுக்குப் பொறுக்கவில்லை. “ஏ லூசு, நீ பஸ் ஏறிப் போயி புள்ளையத் தூக்கிட்டு வாடி. எவன் கேக்கான்னு பாப்போம்.”

“கேப்பாங்கக்கா. அவன் தூக்குனப்ப கேக்க மாட்டாக. நான் தூக்குனா கேப்பாக. அப்புறம் புள்ளை எனக்கு இல்லைன்னே எழுதிட்டா?”

“எழுதுனா எழுதட்டும்!”

“நீங்க சொல்லுவீகக்கா.”

இருந்தாலும் மனசு கேட்காமல் இரண்டு பேரும் கொட்டாரப்பட்டிக்குப் போனார்கள். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்துக்கு அந்தப் பக்கம், உள்ளூர்க்காரர் வேஷ்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்து, சற்றே தொந்தி போட்டு ஆண்டிச்சாமி நின்றார்.

“ஏத்தா, நீங்க வரக் கூடாது! நான் இன்னும் நோட்டீஸ் குடுக்கல. எஞ்சட்டைப்பையிலதான் இருக்கு, இந்தா பாருங்க.”

“நான் உள்ள வரல அண்ணே. அவளை இங்க கூட்டிட்டு வாங்க. தூரத்துல நின்னு ஒருக்கா பாத்துக்கிறேன்.”

“பாத்தா அவசரம் போயிருமேத்தா. எங்கண்ணு முன்னால பாத்தா நான் அதை எழுதணும். பொய் எழுத முடியுமா, கையில காப்பு இருக்கு.” அவர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். சட்டென்று அவர் முகம் மாறியது. “ஐயையோ, ராட்டினத்துக்கு வந்துட்டாங்க. திரும்பி நில்லுங்க! திரும்புங்கத்தா, பாத்துராதீக!”

தோரணத்துக்கு உள்ளே, கூப்பிடு தூரத்தில், குடைராட்டினம் சுற்ற ஆரம்பித்தது.

சுகன்யா திரும்பி நின்றாள்.

எதிரே தார்ரோடும் ஒரு சோளக்காடும் இருந்தன. அவள் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காதைப் பொத்த வேண்டும் என்று உத்தரவில் இல்லாததால் காதைப் பொத்தவில்லை. ராட்டினம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் பிள்ளைகளின் கூச்சல் கிட்டே வந்து தள்ளிப் போயிற்று. அதில் எது தன்ஷிகாவின் கூச்சல் என்று அவளுக்குத் தெரிந்தது.

“நல்லா சிரிக்கிறாத்தா. நல்லாத்தான் இருக்கா” என்று பின்னாலிருந்து ஆண்டிச்சாமி சொல்லிக்கொண்டிருந்தார். ஜோஸ்பின் மட்டும் திரும்பாமல் பார்த்தாள். அவள் மனுதாரர் இல்லை. தன்ஷிகா மஞ்சள் கவுன் போட்டிருக்கிறாள், தலையில் கனகாம்பரம் வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொங்கல் வைத்து, மஞ்சத்தண்ணி ஊற்றி, முளைப்பாரியைக் கரைத்து, காப்பு அவிழ்த்தார்கள்.

அன்று காலையில் சுகன்யாவின் மனு விசாரணைக்கு வந்திருந்தது. அவள் முன்மேசையில் நின்றிருந்தபோது ஆண்டிச்சாமி வெறும் மணிக்கட்டோடு உள்ளே வந்து சலாம் வைத்தார்.

“நோட்டீஸ் கொடுத்தாயிற்றா?” என்றார் தலைவர்.

“இல்லீங்கய்யா. காப்பு அவுத்த ஒடனே அவுக வேன்ல ஏறிட்டாக. பஸ்ஸு இல்ல, நீங்களும் ஏறுங்கன்னாக. எம் பக்கத்துலதான் அவரு உக்காந்திருந்தாரு. ஆனா நோட்டீஸ்ல போட்டிருக்கது கொட்டாரப்பட்டி விலாசம். வேன் அந்த விலாசத்துல இல்லைங்களே. அதனால குடுக்கல.”

“சரியாகச் செய்தீர்கள்.”

“பாப்பா எம்மடியிலயே தூங்கிருச்சு. இந்த முக்குல என்னைய எறக்கிவிட்டுட்டு அவுக ஸ்டேஷனுக்குப் போயிட்டாக.”

“எந்த ஸ்டேஷனு?” சுகன்யா அலறினாள். “நம்ம ஜங்சனா? இப்பவா? ஐயா, என்னைய விடுங்கய்யா. ஆட்டோல போனா பிடிச்சுருவேன்!”

மனிதாபிமானம் காட்ட ஒரு வாய்ப்பு வந்திருப்பதைத் தலைவர் உணர்ந்தார்.

“தாயின் உள்ளத்தை இந்த அமர்வு அறியும். கட்சிக்காரர் தாராளமாகப் போகலாம்.”

சுகன்யா வாசலை நோக்கி ஓடினாள்.

“ஆனால் மனு விசாரணையில் இருக்கிறது. வக்கீல் இருக்க வேண்டும். வக்கீல் ஆஜராகாவிட்டால் மனு தள்ளுபடியாகும். தள்ளுபடியானால் குழந்தை மீது மனுதாரருக்கு இந்த அமர்வில் எந்தக் கோரிக்கையும் மிஞ்சாது.”

அவள் வாசலுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றாள்.

“போடி! ஓடு!” என்றாள் ஜோஸ்பின். “நான் நிக்கிறேன் உனக்குப் பதிலா!”

“டீச்சருக்கு வக்காலத்து இல்ல” என்றார் செபஸ்தியான்.

பிறகு ஜோஸ்பின் தானே ஆட்டோ பிடித்துப் போனாள். சுகன்யா மேசைக்குத் திரும்பி வந்து, இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் உத்தரவைச் சொல்லச் சொல்ல, செபஸ்தியான் எழுதினார். நடுவில் ஒரு சொல் திருப்தியாக இல்லை என்று தலைவர் மாற்றினார். மாற்றியதையும் மாற்றினார்.

“குழந்தை இந்த அமர்வின் எல்லையை விட்டு வெளியேறியிருப்பதாக அமீனாவின் அறிக்கையிலிருந்து தெரிகிறது. எல்லைக்குள் குழந்தை இல்லாதபோது, எல்லைக்குள் அவசரமும் இல்லை. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது. எதிர்மனுதாரர் குடியேறும் ஊரில் உள்ள உரிய அமைப்பை மனுதாரர் அணுகலாம். உத்தரவு முழுவதையும் மீறாமல், குழந்தையை ஒரு முறை கூடப் பார்க்காமல் மனுதாரர் காட்டிய ஒழுக்கத்தை இந்த அமர்வு பதிவு செய்கிறது. இப்படிப்பட்ட தாய்மார்கள் இருக்கும் வரை நீதித்துறைக்கு எந்தக் குறையும் வராது.”

எல்லாரும் எழுந்து நின்றார்கள். அமர்வு முடித்து வைத்த முதல் மனு என்பதால் தலைவர் தமது கையாலேயே சுகன்யாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆண்டிச்சாமிதான் போட்டோ எடுத்தார். அவள் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி இன்னொன்றும் எடுத்தார்.

அப்போது ஜோஸ்பின் திரும்பி வந்து வாசலில் நின்றாள். தனியாகத்தான் வந்திருந்தாள்.

தன்ஷிகா நாக்பூரில் இருக்கிறாள்.